டாக்டருக்கு ஒரு ஷேவிங்

பொய்தான் சொன்னேன். "வலி சுத்தமா போயிடுச்சு டாக்டர்" என்று பிசியோதெரபி டாக்டரின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஆறு வாரமாக வலது முழங்கை என் உயிரை வாங்குகிறது. டென்னிஸ் எல்போவாம். நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதுகூட இல்லை, பேரைப் பாருங்கள்! நான் வேலை பார்க்கிற சலூனின் முதலாளி என் மனைவியின் அண்ணன். "வெள்ளிக்குள்ள கை சரியாயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா மாப்ள. இல்லன்னா உன் நாற்காலிக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வெள்ளி.

டாக்டர் தாடியைத் தடவினார். "ரொம்ப சந்தோஷம். சாயங்காலம் கடைக்கு வர்றேன். எனக்கே ஷேவ் பண்ணி விடுங்க. அங்கயே சீட்டு எழுதித் தர்றேன்."

போச்சுடா!

சொன்னபடியே வந்து உட்கார்ந்தார். மச்சான் கல்லாவில் இருந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பு நுரை போட்டுவிட்டு, என் மடக்குக் கத்தியைத் தோல் வாரில் தீட்டினேன். மணிக்கட்டு முன்னும் பின்னுமாகப் புரண்டது.

"இருங்க, இருங்க. இதை வீட்லயும் பண்றீங்களா?" என்றார் டாக்டர்.

"காலைல ஐம்பது, சாயங்காலம் ஐம்பது தடவை. விட்டா கத்தி மழுங்கிடுமே."

"கைக்கு வேலையே குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"இது ஒரு வேலையா டாக்டர்? யாருக்கும் ஷேவ் பண்ணலையே!"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்படித் திருப்பித் திருப்பித்தான் முழங்கைத் தசைநார் ஆறாம கிடக்கு. நிஜமாவே வலி இல்லையா?"

அட மடையா, ஆறு வார வைத்தியத்தையும் நீயே கெடுத்தாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன். மச்சானை ஓரக்கண்ணால் பார்த்தேன். "இல்ல டாக்டர்."

"நீங்க சொன்னா நம்புறேன்." கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார்.

கன்னங்களை எப்படியோ முடித்தேன். கழுத்துக்கு வந்தபோது முழங்கையிலிருந்து சுரீரென்று இழுத்தது. பிடி நழுவப் பார்த்தது. கத்திக்குக் கீழே அவருடைய தொண்டை ஏறி இறங்கியது. இன்னும் நாலே இழுப்பு, சீட்டு கைக்கு வந்துவிடும். அந்த மனுஷன் கண்ணைத் திறக்கவே இல்லை.

கத்தியை மடக்கினேன்.

"மச்சான், மீதியை நீங்க முடிச்சிடுங்க. நாளைக்கு என் நாற்காலிக்கு அந்த வேற ஆளையே வரச் சொல்லிடுங்க."