எண்ணிக்கை சொல்லாத ஆணை

1.
இந்தக் கதை ஒரு மூஸ் மானால் பிறந்தது. இப்படித் தொடங்கினால் நீங்கள் காட்டை எதிர்பார்ப்பீர்கள். அந்த வரியை அடித்துவிடுகிறேன்.

வின்னிபெக் நகரில் பனி பெய்துகொண்டி

வேண்டாம். இங்கே பனி பெய்கிறது என்று சொல்ல ஒரு கதாசிரியன் தேவையில்லை.

நடந்ததையே சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒருவர் தன் கணினித் தொகுப்பின் பெயரை மாற்றினார். உடனே அதிலிருந்த இருநூறு கணினிகளும் அணைந்துபோயின.

2.
கொஞ்சம் விளக்கம். தாண்டிப் போகலாம், ஆனால் பிறகு என்னிடம் சந்தேகம் கேட்கக் கூடாது. எங்கள் நிறுவனம் மெய்நிகர் கணினிகளை, அதாவது பெரிய கணினிக்குள் குடியிருக்கும் சின்னக் கணினிகளை, தொகுப்பு தொகுப்பாக வாடகைக்கு விடுகிறது. பெயர் இது, எண்ணிக்கை இவ்வளவு என்று வாடிக்கையாளர் ஆணை அனுப்புவார். அந்த ஆணை எப்படி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குதான் ஏபிஐ. எங்கள் ஏபிஐயை ஐந்து வருடம் உட்கார்ந்து வடிவமைத்தவள் டோரீன் கோவல்சுக். எதை மாற்றினாலும் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும், எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் பூஜ்யம் என்பது அவள் போட்ட விதி.

பெயர் மாற்றியவர் எண்ணிக்கையைச் சொல்லவில்லை.

(அவர் டோரீனின் தம்பி வெண்டெல். முதல் வரைவில் அந்நியராக்கிப் பார்த்தேன். அந்நியருக்கு இவ்வளவு உரிமையாகச் சண்டை போட வரவில்லை.)

3.
வெண்டெல் கார்ட்டூன் படம் எடுப்பவன். அந்த இருநூறு கணினிகளும் மூன்று நாளாக ஒரு மூஸ் மானுக்கு முடி வரைந்துகொண்டிருந்தன. டோரீனைக் கூப்பிட்டான். (நிஜத்தில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். தமிழில் எழுதும்போது என் கை தானாக அக்கா போடுகிறது.)

"ஏன்க்கா, பேரைத்தானே மாத்தச் சொன்னேன்?"

"எத்தனைன்னு சொன்னியாடா?"

"சொல்லலைன்னா இருக்கிறபடி இருக்கட்டும்னுதானே அர்த்தம்?"

"சொல்லலைன்னா பூஜ்யம்."

"உன் கல்யாணத்தப்போ நான் ஒண்ணுமே சொல்லலையே. அதுவும் பூஜ்யமா?"

"அது தானாவே ஆயிடுச்சு. நீ மானைப் பத்திப் பேசு."

"மானுக்குப் பின்னங்கால்ல முடியே இல்லக்கா. இந்த விதியை உங்க கம்பெனி குடுத்த குறிப்புல மூணு தடவை தேடிட்டேன். எங்கேயும் இல்ல."

"அப்போ நான்தான் எழுத மறந்திருப்பேன்" என்றாள் டோரீன்.

4.
டோரீனைக் கொஞ்சம் திமிர் பிடித்தவளாக எழுதினால் எனக்கு வேலை சுலபம். வியாழன்தோறும் எல்லோருக்கும் பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை அவித்துக்கொண்டு வருகிறவளை எப்படித் திமிர்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இப்படி ஏதாவது நடந்தால், யார் மீதும் பழி போடாத கூட்டம் என்று ஒன்று போடுவார்கள். யார் மீதும் பழி போட மாட்டார்கள். முடிந்ததும் யாரோ ஒருவர் கையிலிருந்து ஏதோ ஒன்று போய்விடும். இந்த முறை டோரீனிடமிருந்து ஏபிஐயைப் பிடுங்கி வேறு குழுவிடம் கொடுக்கப் போவதாகப் பேச்சு.

5.
என் வேலை என்னவென்று இதுவரை நான் சொல்லவில்லை. கவனித்தீர்களா?

வாடிக்கையாளருக்கான குறிப்பை எழுதுவது நான்தான். எண்ணிக்கை சொல்லாவிட்டால் பூஜ்யம் என்ற எச்சரிக்கையை டோரீன் எழுதித் தந்திருந்தாள். பக்கம் அடைசலாக இருக்கிறதென்று நான் வெட்டினேன். அவளுக்கு மறந்துவிட்டது, எனக்கு நினைவிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

6.
முடிவு ஒன்று: நான் ஒப்புக்கொள்கிறேன், எல்லோரும் கைதட்டுகிறார்கள். (பொய். யாரும் கைதட்ட மாட்டார்கள்.)

முடிவு இரண்டு: நான் விடுப்பு எடு

எழுதவே கூசுகிறது. கூட்டத்துக்கே போவோம்.

"என் தப்புதான், எழுத மறந்துட்டேன்" என்றாள் டோரீன்.

மேலாளர் லொரெய்ன் சுற்றிலும் பார்த்தாள். "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா? இல்லைன்னா முடிச்சுக்கலாம்."

நான் எழுந்தேன். டோரீன் நிமிர்ந்து பார்த்தாள்.

"காபிக்கா போற, இளா? எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வா."

அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான்கு வரைவு எழுதிப் பார்த்துவிட்டேன், வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.