மெர்சியின் இடது காது

மெர்சிக்கு இடது காது கேட்காது. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இறங்கியபோது அந்தக் காதையும் கூடவே கொண்டுபோய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்டதால் பள்ளிக்கூடத்திலும், பிறகு வேலை பார்த்த தையல் கம்பெனியிலும் யாருக்கும் அது தெரியவில்லை. ஜெயராஜ் வீட்டார் பெண் பார்க்க ஆரணிக்கு வந்த அன்று அம்மா அவளைத் தனியாக இழுத்துப்போய், "காது விசயமா வாயே தொறக்காத. ஒண்ணுதான் நல்லா கீதே, அது போதும்" என்றாள். மெர்சி வாய் திறக்கவில்லை. கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் திறக்கவில்லை.

மறைப்பது பெரிய கஷ்டமாகவும் இல்லை. தெருவில் ஜெயராஜுக்கு இடப்பக்கமாக நடந்தாள். பஸ்ஸில் அவன் தன் வலது கைப்பக்கம் வரும்படி சீட்டைப் பிடித்தாள். மாமியார் இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டு அவள் திரும்பாமல் இருந்தால், "எப்பப் பாரு ஏதோ யோசனையிலயே கீறா" என்று அந்த அம்மாளே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டாள். யோசனைக்காரி என்ற பெயர் மெர்சிக்கு வசதியாக இருந்தது.

அந்த டாங்கிள் வந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது.

ஜெயராஜுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. ஷிப்ட் முழுக்க இரும்பு இரும்போடு மோதும் சத்தம். வீட்டுக்கு வந்து குளித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டு கேட்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே ஆசை. சினிமாவுக்கும் போகமாட்டான், கிரிக்கெட்டும் பார்க்கமாட்டான். பழைய போன் கெட்டுப்போய்ப் புதுசு வாங்கியபோது அதில் ஹெட்போன் சொருகுகிற ஓட்டையே இல்லை. ப்ளூடூத்தில் ஒரு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு, "பாட்டைக் கசக்கிப் பிழிஞ்சி குடுக்கற மாதிரி கீது" என்று தூக்கி வைத்தான். பிறகு ஆன்லைனில் தேடித் தேடிக் கட்டைவிரல் அளவுக்கு, டாங்கிள் என்றும் டாக் என்றும் சொல்லப்படுகிற ஒரு உலோகத் துண்டை வரவழைத்தான். அதன் ஒரு முனையைப் போனின் சார்ஜர் ஓட்டையில் சொருக வேண்டும். மறுமுனையில் ஹெட்போன் வயர்.

"இன்னா நைனா இது, போனுக்கு வாலு முளைச்சிருக்குது?" என்றாள் அவன் அம்மா.

"வாலு இல்லமா, இது டாக். போன்ல பாட்டு வெறும் நம்பராத்தான் கீது. அதைச் சத்தமா மாத்தறது இது. போன்லயே ஒண்ணு கீது, ஆனா அது ஏனோதானோன்னு மாத்தும். இது சுத்தமா மாத்தும்."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. மெர்சிக்குக் கொஞ்சம் புரிந்தது. ஆனால் அவன் சொன்னதைக் கேட்டதைவிட, அவள் அவன் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். அவ்வளவாகப் பேசாத மனிதன் அவன். கல்யாணமான புதிதில் நிறையப் பேசியவன் எப்போதோ பேச்சைக் குறைத்துக்கொண்டான். அந்தச் சின்னத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டால் மட்டும் பேச்சு வந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தன் கையால் ஹெட்போனை மாட்டிவிடுவான்.

"கண்ணை மூடு. வயலின் எந்தப் பக்கத்துலேர்ந்து வருது, சொல்லு?"

வலது காதில் வயலின் கேட்டால் வலப்பக்கம் கை காட்டுவாள். வயலின் கேட்காவிட்டால் இடப்பக்கம் காட்டுவாள். பெரும்பாலும் சரியாகவே அமைந்தது. அவன் சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷப்படுவான். மாட்டிக்கொள்வோமோ என்று அவளுக்குப் பயம். ஆனாலும் அந்த நேரத்துக்காகவே பகல் முழுக்கக் காத்திருந்தாள். அவன் விரல்கள் அவள் காதோரத்து முடியை ஒதுக்கிவிடும் அந்த நேரத்துக்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இருவரும் ஆரணிக்குப் பஸ் ஏறினார்கள். கவரைப்பேட்டை தாண்டியதும் அவன் டாங்கிளையும் ஹெட்போனையும் பையிலிருந்து எடுத்து, "உனக்குப் புடிச்ச பாட்டுதான்" என்று அவளுக்கு மாட்டிவிட்டான்.

மெர்சிக்கு ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸின் இரைச்சல்தான் ஹெட்போன் மெத்தையைத் தாண்டி மெல்ல வந்தது. போனைப் பார்த்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சில பாட்டுகள் இடப்பக்கம் மட்டும் தொடங்குவது உண்டு. இப்போது வந்துவிடும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவன் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரித்து, தலையை மெல்ல ஆட்டினாள்.

"எப்டி கீது?"

அவன் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "சூப்பரா கீது" என்றாள்.

பாட்டு முடியும்வரை தலையாட்டினாள். பிறகு அவன் ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டினான். சற்று நேரத்தில் அவன் நெற்றி சுருங்கியது. வயரைத் திருகினான். டாங்கிளைப் பிடுங்கி மறுபடி சொருகினான்.

"ரைட் சைடு சுத்தமா வரலியே. வயரு லூசா இருந்திருக்குது. நீ சொல்லவே இல்ல?"

"நான் கவனிக்கலீங்க. பாட்டுலயே இருந்துட்டேன்."

அவன் ஆரணி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். மெர்சியின் அம்மா வீட்டில் சாப்பிடும்போதும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

மறுநாள் சாயங்காலம் கும்மிடிப்பூண்டி வீட்டில் மெர்சி அடுப்பங்கரையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். யாரோ இருப்பதுபோலத் தோன்றித் திரும்பினாள். இடப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஜெயராஜ் நின்றிருந்தான். கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"அய்யோ, எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்" என்றான். முகம் ஒரு மாதிரி இருந்தது. அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனான்.

குளித்துவிட்டு வந்தவன் போனோடு உட்கார்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். டீயை வைத்தாள், ஆறிப்போகிறவரை தொடவில்லை. மாமியார் பக்கத்து வீட்டு அருணாவோடு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

"மெர்சி, இங்க வா. ஒரு பாட்டு."

"சோறு வெந்துக்கினு கீதுங்க."

"ரெண்டு நிமிசம்."

வந்து உட்கார்ந்தாள். டாங்கிள் சூடேறி இருந்தது. அவன் கையிலிருந்து நழுவி அவள் மடியில் விழுந்தபோது தெரிந்தது. ஹெட்போனை மாட்டிவிட்டான். பஸ்ஸில் போட்ட அதே பாட்டு. அவளுக்குப் பழகிய பெண் குரல் வலது காதில் எழுந்தது. முதல் வரி முடியும்போது அந்தக் குரலுக்கு அடியில் வேறொன்று வந்தது. ஆண் குரல். சொல் எதுவும் இல்லாமல் மெல்ல ஹம்மிங் செய்துகொண்டு, பெண் குரல் போகிற இடமெல்லாம் கூடவே போனது. பாடுகிறவள் மூச்சு எடுக்கிற இடத்தில் அது மட்டும் தொடர்ந்தது.

மெர்சி கண்ணை விரித்தாள். "இது வேற பாட்டா?"

அவன் அவளுடைய வலது பக்கத்து மெத்தையைக் கொஞ்சம் விலக்கிச் சொன்னான்: "அதே பாட்டுதான்."

"இல்லியே, ஹம்மிங் வருதே. யாரோ கூடவே பாடிக்கினு வர்றாங்களே."

"அது எப்பவும் கீது. லெஃப்ட்ல மட்டும் வெச்சிருக்காங்க. இன்னிக்கு செட்டிங்ஸ்ல போயி ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா கலந்து வுட்டேன். இனிமே எந்தக் காதுல கேட்டாலும் முழுப் பாட்டும் வரும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். 

"அடுப்பங்கரையில உன்னை மூணு தபா கூப்ட்டேன்" என்றான்.

மெர்சிக்கு அழுகை முட்டியது. பொன்னுக்கு வீங்கி வந்ததிலிருந்து அம்மா சொன்னதுவரை எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏமாத்தணும்னு இல்லீங்க. மொதல்ல பயமா இருந்திச்சு. அப்புறம் எப்டிச் சொல்றதுன்னு தெரியல. கோவமா இருந்தா திட்டிடுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

அவன் டாங்கிளை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான், "கல்யாணமாயி ரெண்டாவது மாசம். ஒரு நாள் மத்தியானம் பாயில படுத்துக்கினு இருந்தோம். நீ அந்தப் பக்கமா ஒருக்களிச்சிப் படுத்திருந்த. ஞாபகம் கீதா?"

"எந்த நாளு?"

"உனக்கு எப்டி ஞாபகம் இருக்கும்? அன்னிக்கு உன்னாண்ட ஒண்ணு கேட்டேன். நீ தூங்கல. பாயிலேர்ந்து நாரைப் பிச்சிக்கினு இருந்த. பதிலே சொல்லல."

மெர்சி நிமிர்ந்தாள். வலது காது தலையணையில் அழுந்தியிருக்க, இடது காது மேலே பார்த்திருக்க, அப்படித்தான் அவள் படுப்பாள். "இன்னா கேட்டீங்க?"

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"இன்னா கேட்டீங்க, சொல்லுங்க."

"என்னைக் கட்டிக்கினதுல உனக்கு இஷ்டம்தானான்னு கேட்டேன்." அவன் டாங்கிளைக் கீழே வைத்தான். "நீ பேசாம இருந்த. சரி, ஊட்ல சொன்னாங்கன்னு கட்டிக்கினிருக்குது போலன்னு நெனச்சிட்டேன். அதுக்கப்புறம் உன்னைப் பேஜார் பண்ணக் கூடாதுன்னு பேசறதைக் கொறச்சிக்கினேன். இந்த டாக் வந்தப்புறம்தான், பாட்டாவது சேர்ந்து கேக்கலாமேன்னு தோணிச்சு."

பத்து மாதமாக அவன் இந்த எண்ணத்தோடு வேலைக்குப் போய்வந்திருக்கிறான். அவள் கையால் சாப்பிட்டிருக்கிறான். தினமும் ஹெட்போன் மாட்டிவிட்டிருக்கிறான். மெர்சிக்குத் தன் காதைப்பற்றிய பயமெல்லாம் போய், அவனை நினைத்து நெஞ்சு வலித்தது.

"இப்பக் கேளுங்க. இந்தக் காதாண்ட வந்து கேளுங்க."

"சும்மா இரு. வெக்கமா கீது."

"கேளுங்கன்னா."

அவன் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பினான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் திருப்பி, அவன் கேட்காமலேயே சொன்னாள்: "இஷ்டம்தான். பொண்ணு பாக்க வந்தன்னிக்கே இஷ்டம். நான் நீட்டின டீயை எடுத்துக்கினு, எல்லாருக்கும் குடுத்தாச்சான்னு நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க. அப்பவே."

அவன் கண் கலங்கிவிட்டது. அதை அவள் பார்க்கக் கூடாது என்று எழுந்தவன், "சோறு தீயுது" என்று அடுப்பங்கரைக்கு ஓடினான். சோறு உண்மையிலேயே அடிபிடித்திருந்தது. மேலாக இருந்ததை இருவரும் ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டார்கள்.

அவன் அம்மாவிடம் மெர்சியே சொன்னாள். அந்த அம்மாள் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. "என்னாண்ட சொல்லியிருந்தா நான் வேணான்னா சொல்லியிருப்பேன்?" என்று அருணாவிடம் புலம்பினாள். மூன்றாம் நாள் சமாதானமாகி, மருமகளின் வலது காதுக்குப் பக்கத்தில் வந்து ஊரே கேட்கும்படி "மெர்சி, நாஷ்டா துன்னியா?" என்று கத்தினாள். "அத்தை, இது நல்ல காது, மெதுவாச் சொன்னாலே கேக்கும்" என்று எத்தனை தரம் சொல்லியும் அந்தச் சத்தம் குறையவில்லை.

ஜெயராஜ் லீவு போட்டு அவளைத் திருவள்ளூரில் காது டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் சோதித்துவிட்டு, இடது காதின் நரம்பு போய்விட்டது, இனி அதில் கேட்க வைக்க முடியாது, வலது காது அருமையாக இருக்கிறது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பாட்டைச் சத்தமாக வைக்காதீர்கள் என்றார். நல்ல டாங்கிள் என்றால் சத்தம் குறைவாக இருந்தாலே எல்லாம் துல்லியமாகக் கேட்கும் என்று ஜெயராஜ் டாக்டரிடமே விளக்க ஆரம்பித்தான். மெர்சி அவன் முழங்கையைக் கிள்ளினாள். அவர் சிரித்துவிட்டு, அவன் எங்கே வேலை செய்கிறான் என்று விசாரித்தார். கம்பி ஆலை என்றதும் அவனையும் உட்கார வைத்துச் சோதித்தார். கூர்மையான சத்தங்கள் கேட்பது அவனுக்கு இப்போதே கொஞ்சம் குறைந்திருந்தது.

"கம்பெனியில காதுக்கு அடைப்பான் குடுக்கலியா?"

"குடுத்திருக்காங்க சார். போட்டா காது அரிக்குது. பாக்கெட்லதான் கீது."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மெர்சி முந்திக்கொண்டாள். அவ்வளவு கோபமாக அவள் பேசி அவன் பார்த்ததே இல்லை.

"பாக்கெட்ல வெக்கவா குடுத்தாங்க? ரெண்டு பேருக்கும் சேத்து மூணு காதுதான் கீது. அதுல ஒண்ணைக் கொறைச்சிக்கினு வந்தீங்கன்னா ஊட்டுக்குள்ள வுடமாட்டேன்."

மறுநாள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாசலில் வைத்தே அவன் இரண்டு காதிலும் அடைப்பானை மாட்டிவிட்டாள். ஆலைக்குள் போய் மாட்டிக்கொள்கிறேன் என்று அவன் சொன்னதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் தெருவில் இறங்கியதும் அம்மா உள்ளிருந்து எதையோ கேட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. மெர்சிக்குக் கையசைத்து டாட்டா காட்டிவிட்டு, சிரித்தபடி கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தான்.