சிவப்புக் காரின் சில்லறைச் சாமான்கள்

வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது மெக்கானிக் இனத்துக்கே இழைக்கப்படும் அவமானம் என்றும், தன் கை பட்ட வண்டி எதுவும் பூமி உள்ளவரை பழம் கேட்காது என்றும் ரெட்டியார்பாளையம் வினோத்குமார் அறிவித்திருந்தான். அறிவிப்பு வெளியான இடம் டீக்கடை. "பிரேக்க நம்புறவன் பழத்த நம்ப மாட்டாண்ணே" என்றான். யாரும் மறுக்கவில்லை. ஏனென்றால் முந்தின செவ்வாய்க்கிழமைதான் அவன் ஒரு காரின் கதவுக் கைப்பிடியை மாற்றியிருந்தான், அதே நிமிஷத்தில் எதிர்வீட்டு குஞ்சம்மாளின் வலது தோள் சரியாகியிருந்தது. ஆறு வருடமாகக் காதுக்கு மேல் எழும்பாத கை அது. அன்று சாயங்காலமே அவள் எல்லோர் வீட்டுத் துணியையும் வாங்கிக் கொடியில் போட்டாள்.

கார் சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, இடது பக்கம் ஸ்டியரிங். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்றதால் ஊர் சொல்தா என்று அழைத்த முருகையன் அதைக் கப்பலில் கொண்டுவந்து இருபது வருடம் ஓட்டினார். பிள்ளைகளோடு இருக்க பாரீசுக்குக் கிளம்பியபோது, "நீதான் இத்தத் திட்டிக்கினே பாத்துக்குவ" என்று சொல்லி வினோத்குமாரிடமே விட்டுப்போனார். என்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைச் செய்தவர்கள் மூளையை எல்லாம் என்ஜினுக்குச் செலவழித்துவிட்டு, கைப்பிடி, கொக்கி, மூடி முதலான சில்லறைச் சாமான்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரைந்திருக்கிறார்கள் என்பது வினோத்குமாரின் முடிவு. உள்பக்கக் கதவுக் கைப்பிடி சுண்டுவிரல் கனத்தில் பிளாஸ்டிக். அது உடைந்த நாளிலிருந்து சொல்தா பதினோரு வருடம் கண்ணாடியை இறக்கி, வெளியே கைவிட்டுத்தான் கதவைத் திறந்து இறங்கினார். புதிதாக வாங்கினாலும் அதே பிளாஸ்டிக்தான் வரும். வினோத்குமார் வாங்கவில்லை. அவன் அப்பா பஞ்சாலையில் தறி ஃபிட்டர். ஆலை மூடியபோது ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தறிச் சாமான்கள் வீட்டுக்கு வந்திருந்தன. அதிலிருந்த பித்தளைத் துண்டு ஒன்றை மூன்று நாள் அரத்தால் ராவி அவன் மாட்டிய கைப்பிடிதான் குஞ்சம்மாளின் தோளைத் தூக்கிவிட்டது.

அடுத்தது கதவுக்குள் கண்ணாடியைப் பிடித்திருக்கும் கவ்வி. அதை இரும்பில் செய்து போட்டதும் பக்கத்து வீட்டு பாவாடை அண்ணனின் போர் தண்ணீர் உப்புக்கரிப்பு நீங்கி இனித்தது. கியர் கம்பியின் முனையில் இருந்த ரப்பர் வளையத்துக்குப் பதிலாக, தறியில் நூலோடு ஓடும் நாடாக்கட்டையை அடித்துத் தள்ளும் எருமைத்தோலை வெட்டிச் செருகினான். நாலு வருடமாக மதியம் பன்னிரண்டுக்குக் கூவிக்கொண்டிருந்த நெடுமாறனின் சேவல் அன்று முதல் விடியலுக்கு மாறியது. தெரு நன்றியோடு இருந்தது. முருங்கைக்காய் வந்தது, கனகசெட்டிக்குளத்திலிருந்து சங்கரா மீன் வந்தது. "எனக்கு எதுக்கு நன்றி, அரத்துக்குச் சொல்லுங்க" என்று வினோத்குமார் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். அவன் மனைவி சிவசங்கரிக்கு, தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இரண்டு வருடமாகக் குரல் இல்லை. நரம்பு சோர்ந்திருக்கிறது, வந்தாலும் வரலாம் என்றார் டாக்டர். அவள் தட்டில் கரண்டியால் தட்டிப் பேசினாள். ஒரு தட்டு என்றால் சோறு ரெடி, இரண்டு என்றால் மோட்டாரை நிறுத்து, நிற்காமல் தட்டினால் வினோத்குமார் ஏதோ செய்திருக்கிறான். தெருவுக்கே அந்த பாஷை அத்துப்படி. மற்றதை நோட்டில் எழுதிக் காட்டுவாள். சண்டையின் நடுவே எழுத்துப்பிழை வந்தால் அடித்துத் திருத்திய பிறகுதான் சண்டையைத் தொடர்வாள். அவன் காத்திருப்பான்.

வினோத்குமார் கணக்குப் போட்டான். தோளுக்குக் கைப்பிடி என்றால் குரலுக்கு ஹாரன். அந்தக் காரின் ஹாரன் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் தகர வளையம் ஒன்றை நம்பியிருந்தது. வண்டி இடதுபுறம் திரும்பும்போது மட்டுமே கத்தும். அவன் நாற்பது நாள் உட்கார்ந்து செம்பில் வளையம் செய்தான். மாட்டிய அன்று சாயங்காலம் ஐந்தரைக்குத் தெருவே கூடியது. ஹாரன் நாதஸ்வரம் போல ஒலித்தது. எல்லோரும் சிவசங்கரியைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், உள்ளே போய்விட்டாள். மறுநாள் அரியாங்குப்பத்திலிருந்து கமலவேணி என்ற அம்மாள் ஒரு பை கொய்யாப்பழத்தோடு பஸ் ஏறி வந்து, தன் வீட்டு ஃபிரிட்ஜ் நேற்று ஐந்தரை மணிக்குக் கடகடவென்று அடிப்பதை நிறுத்திவிட்டது, தம்பி நல்லா இருக்கணும் என்றாள். வினோத்குமார் கொய்யாப்பழத்தைச் சாப்பிடவில்லை. அரத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினான்.

அதன் பிறகு பேட்டரி செத்துவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிவசங்கரியோடு ஒரு சுற்று. வேகத்தடை வரும்போதெல்லாம் சாம்பல் கிண்ணத்தின் மூடி டக்கென்று விழுந்து திறக்கும். அரிசி அளவு பிளாஸ்டிக் பல் ஒன்று அதைப் பிடித்திருக்க வேண்டும். வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. இதை எல்லாம் ஒரு சாமான் என்று ரிப்பேர் செய்வானா மனுஷன் என்று அவன் சிரித்ததுண்டு. ஐந்து மாதம் அவள் நோட்டில் ஒரே வரியை எழுதினாள்: அந்த மூடி அடிக்கிறது, தலை வலிக்கிறது. கடைசியாக ஒரு ஞாயிறு, எந்தக் கணக்கும் இல்லாமல், அவள் தலைவலிக்காக மட்டும், அவளுடைய கொண்டை ஊசியை வளைத்து அந்தப் பல்லின் இடத்தில் செருகினான். மூடி நின்றது.

"எவ்ளோ மாசமா சொல்றேன், இப்பதான் கை வந்துச்சா ஒனக்கு?"

"வேல இல்லியா எனக்கு" என்று காருக்குள்ளிருந்தே பதில் சொல்லி, அடுத்த திருகாணிக்குக் கையை நீட்டிய பிறகுதான் வினோத்குமார் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். அடுப்படி ஜன்னலில் சிவசங்கரி கரண்டியோடு நின்றிருந்தாள். எதிர்வீட்டிலிருந்து குஞ்சம்மாள், "சங்கரி, ரசத்த எறக்கிட்டியா, பொங்குற வாசன வருது" என்றாள். "எறக்கிட்டேன்க்கா" என்றாள் சிவசங்கரி. தெரு அவ்வளவில் அதை ஏற்றுக்கொண்டது.

மறுநாள் காலை இருவரும் டவுனுக்குப் போனார்கள். இந்திரா காந்தி சிலை வரை அவள் அவன் அம்மாவைப் பற்றிப் பேசினாள், அதற்கப்புறம் அவனைப் பற்றி. மணக்குள விநாயகர் கோயில் பக்கம் வந்ததும் அவன் வண்டியை ஓரங்கட்டினான்.

"இன்னாய்யா, நிறுத்திட்ட?"

"டயர்ல காத்து கம்மியா தெரியுது. நீ பேசிக்கினே இரு."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பூக்கடைக்கார அம்மாள் நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்து, புது வண்டியா என்று கேட்டாள். ஆமாம் என்றான். காற்றுப் பார்க்கிறவனைப் போலக் குனிந்து ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி வந்தான். பிறகு ஏறி உட்கார்ந்து, காத்து சரியாகத்தான் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, முதல் கியரைப் போட்டு மெதுவாக ஒரு முழம் முன்னே நகர்ந்தான்.