ஐந்தாவது தடவை

விஸாலுக்கு எல்லாவற்றிலும் நியாயம் வேண்டும். காய்கறிக்காரன் எடையில் ஒரு எலுமிச்சை குறைத்தால் தமியாத் நகரக் கடைத்தெருவையே கூட்டிவிடுவாள். அந்த நியாயத்தைத் தன் இரண்டு மார்புக்கும் பங்கிட்டதுதான் வினையாகிவிட்டது.

மகன் ஸாபிருக்கு வலப்பக்கம் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பால் கொடுக்கத் தொடங்குவாள். குர்ஆனின் சின்ன முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை மூன்று முறை ஓதுவாள். முடிந்ததும், பிள்ளை விடமாட்டேன் என்று பற்றிக்கொண்டாலும், விரலை நுழைத்து எடுத்து இடப்பக்கம் மாற்றுவாள். அங்கேயும் மூன்று. எந்தப் பக்கத்துக்கும் குறை வைக்கக் கூடாதாம்!

பிறந்து நாற்பது நாளாகியும் ஸாபிர் இருநூறு கிராம்தான் ஏறியிருந்தான். வயிறு உப்பியது, மலம் பச்சையாக நுரைத்துப் போனது. பால் ஊறட்டும் என்று வெந்தயக் கஞ்சியும் ஹல்வாவுமாக விஸால் குடித்தாள், தின்றாள். பெருத்தது அவள்தான்.

மாடியில் அக்கா நர்கீஸ். அவள் மகள் லுப்னாவுக்கும் அதே வயதுதான், தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. ஸாபிர் அழுகை தாங்காமல் நர்கீஸ் நான்கு முறை பால் கொடுத்திருந்தாள். ஐந்தாகிவிட்டால் மார்க்கப்படி அவள் அவனுக்குப் பால் தாய், லுப்னா உடன்பிறந்தவள். அப்புறம் இருவருக்கும் நிக்காஹ் கூடாது. கர்ப்பமாக இருந்தபோதே சம்பந்தம் பேசி முடித்த சகோதரிகள் இருவரும்.

"குடுடி இங்கே. அஞ்சாவதுன்னா என்ன, பிள்ளை தேற வேணாமா?"

"வேணாம்க்கா. என் மருமகளை விட மாட்டேன்."

"மருமகளுக்கு இன்னும் பல்லே முளைக்கல, அதுக்குள்ள இவளுக்கு மாமியார் மிடுக்கு!"

சிரித்தார்கள். விஸாலுக்குப் பாதியில் அழுகை வந்தது. அக்கா பாலில் தூங்குகிற பிள்ளை தன் பாலில் அழுகிறானே, தன் பால் வெறும் தண்ணீர்தானா என்பது அவள் பயம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சுகாதார நிலையத்தில் நர்ஸ் இன்ஷிராஹ் எடை பார்த்தாள், நாற்காலியைக் காட்டினாள்.

"என் எதிர்லயே குடும்மா, பாக்கறேன்."

விஸால் கொடுத்தாள். உதடுகள் அசைந்தன. மூன்று முடிந்ததும் விரல் தானாகப் போனது.

"ஏய், எதுக்கு எடுக்கறே?"

விஸால் நியாயத்தை விளக்கினாள். இன்ஷிராஹ் விஸாலின் கருப்பு அங்கியின் முழங்கை மேல் ஒரு சொட்டுப் பாலைப் பிழிந்து விட்டாள். நீலம் பாய்ந்த மெல்லிய சொட்டு. மறுபடி அதே பக்கம் பிள்ளையைப் போட்டு, அவனாக வாயை விடும்வரை விஸாலின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இன்னொரு சொட்டு. அது பாலாடை மாதிரி கெட்டியாக நின்றது.

"மொதல்ல வர்றது தாகத்துக்கு. கொழுப்பு பின்னாலதான் அதிகமா வரும், பிள்ளை எடை போடறது அதுலதான். நீ விருந்தாளிக்கு சர்பத் குடுத்துட்டு, சோறு வர்றதுக்குள்ள தட்டைத் தூக்கிடறே. ரெண்டு பக்கமும்!"

"இது என் பாலா?" விஸால் அந்தச் சொட்டையே பார்த்தாள்.

"பின்னே என் பாலா? அழாதே. ஓதணும்னா யாசீன் ஓது, அது நீளம்."

பத்து நாளில் ஸாபிர் முந்நூறு கிராம் ஏறினான். எடைத்தாளை விஸால் மாடிக்கும் கீழுக்கும் காட்டித் திரிந்தாள்.

அந்த வாரமே நர்கீஸுக்குக் குடல்வால் வெடிக்கும் நிலைமை. ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் மூன்று நாள். லுப்னா புட்டிப்பாலைத் துப்பினாள், கத்தினாள், கத்தியே குரல் கம்மியது. விஸால் அவளைத் தூக்கி மார்போடு அணைத்தாள்.

நாலாம் நாள் நர்கீஸ் அடிவயிற்றைப் பிடித்தபடி வந்தாள். இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் கிடந்தார்கள். லுப்னா வயிறு நிறைந்து தூங்கினாள்.

"எத்தனை தடவை குடுத்தே?"

"நாலு வரைக்கும் எண்ணினேன்க்கா. அஞ்சாவதுக்கு அவ அழுதா. அப்புறம் எண்ணல."

"மருமக போச்சேடி."

"போகட்டும். எனக்கு மக வந்துட்டா." சொல்லும்போதே விஸாலுக்குக் கண் நிறைந்தது.

நர்கீஸ் மெல்ல உட்கார்ந்தாள். ஸாபிர் விழித்துச் சிணுங்கினான். "டாக்டர் பால் குடுக்கலாம்னுட்டாரு. பால் கட்டி உயிர் போகுது. அவனை இங்கே குடு, எனக்கு ஒண்ணு பாக்கி இருக்கு. உனக்கு மக வேணும், எனக்கு மகன் வேணாமா?"

விஸால் மகனைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தாள்.

"அவனா விடற வரைக்கும் எடுக்காதேக்கா," என்றாள்.