பூட்டிய வீடுகள்

எஸ்டேட்டில் வேலை செய்யும்போது அடிபட்டவர் ஒருவர்கூட இல்லை என்று தெரிந்ததும் திவ்யலட்சுமிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொன்முடிச் சரிவில் நேற்றும், இன்று காலையிலிருந்தும் லயம் லயமாக ஏறி இறங்கியிருந்தாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்த நீளமான வரிசை வீடுகளில் யாருக்கு, எந்த வேலையில், எவ்வளவு காயம் என்று கேட்டு டேப்லெட்டில் பதிவதுதான் வேலை. கீழே நகரத்தில், தம்பானூரில் இருக்கும் ஆராய்ச்சி நிறுவனம் அவளை அதற்காகவே அனுப்பியிருந்தது. அவள் கொண்டுவரும் கணக்கை வைத்துத்தான் மலைக்கு ஓர் ஆம்புலன்ஸ் கேட்பார்களாம்.

பயிற்சியில் வினீத் சார் ஒரு விதி சொல்லித் தந்திருந்தார். வீடு பூட்டியிருந்தால் நிற்காதே, அடுத்த வீட்டுக்குப் போ. பந்தியில் காலி இலையைத் தாண்டிப் பரிமாறுகிற மாதிரி அவளும் பூட்டுகளைத் தாண்டிப் போனாள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள் என்று தானே முடிவும் கட்டிக்கொண்டாள். பெரிய புத்திசாலி!

மத்தியானம் ஒரு பூட்டிய வீட்டின் படியில் உட்கார்ந்து வினீத்துக்குப் போன் போட்டாள்.

"சார், இங்க யாருக்கும் அடி ஒண்ணும் பற்றல்ல, கேட்டியளா. எல்லாரும் சுகமாட்டு இருக்காவ."

"அடிபொளி!" என்று மலையாளத்தில் குதூகலித்தார் வினீத்.

போனை வைத்தாள். முதுகுக்குப் பின்னால், பூட்டிய கதவுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"யம்மா... கொஞ்சம் தண்ணி தாறீங்களா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து வீட்டின் பின்பக்கம் ஓடினாள். ஜன்னலில் தொங்கிய சாக்கை விலக்கினால், தரையில் பாயில் ஒருவர் கிடந்தார். குடம் கைக்கெட்டாத தூரத்தில் கவிழ்ந்து கிடந்தது. முழங்காலுக்குக் கீழே மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. பாதம் பார்க்க வேண்டிய பக்கம் பார்க்காமல் திரும்பிக் கிடந்தது. கம்பி வழியாகத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"செடி வெட்டுற மெஷினோட சரிவுல உருண்டுட்டேன்" என்றார் அவர், தன் தப்பைச் சொல்கிறவர் போல. பெயர் வேலாயுதனாம்.

அதற்குள் பின்னால் மூச்சிரைக்கும் சத்தம். கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் அவர் மனைவி அம்மிணி நின்றிருந்தாள். கழுத்துக் கயிற்றில் சாவி. அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"எழுதியாச்சா?"

"இல்ல. ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகல்ல?"

"கொண்டுபோனா எங்க வச்சு அடிபட்டுதுன்னு கேப்பாங்கல்லோ. ஆபீஸுக்குத் தெரிஞ்சிரும். வீடு இவரு பேருல. நான் டெம்பரவரி. இவரு இனி வேலைக்கு ஆகமாட்டாருன்னு ஆச்சுன்னா சாமானைத் தூக்கி வெளிய வச்சிருவாங்க. பிள்ளைங்களோட எங்க போவேன்? ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்குத்தான் பூட்டு."

"நாங்க பேரே எழுத மாட்டோம் அக்கா."

"வீட்டு நம்பரு?"

திவ்யலட்சுமி கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். அதன் முதல் கேள்வியே வீட்டு நம்பர்தான். கணக்கெடுக்க எஸ்டேட் ஆபீஸ் அனுமதி தந்ததே, தங்களுக்கு ஒரு நகல் வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். அடிபட்டவனுக்கு ஆம்புலன்ஸ் கேட்க வந்தவள், அவன் தலைக்கு மேலிருக்கும் கூரையைப் பிடுங்க இருந்தாள். அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது.

"அவங்கள ஏசாத புள்ள. தண்ணி தந்தாங்க" என்றார் வேலாயுதன் உள்ளிருந்து.

திவ்யலட்சுமி டேப்லெட்டை அணைத்துப் பையில் போட்டாள். "சத்தியமா எழுத மாட்டேன்."

அம்மிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களக் காட்டிக் குடுத்திராதீங்க மேடம். மத்தவங்களையும்தான்."

"மத்தவங்களா?"

அம்மிணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னதைத் திரும்ப விழுங்க முடியவில்லை. முன்பக்கம் ஓடி, கதவைத் திறந்துகொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

திவ்யலட்சுமி முன்பக்கம் வந்து லயத்தை நெடுகப் பார்த்தாள். காலையில் அவள் தாண்டிப்போன பூட்டுகள் அங்கங்கே தொங்கிக்கொண்டிருந்தன. கீழ் லயத்திலும் பூட்டுகள் இருந்தன. நேற்றுப் போன லயத்திலும் இருந்தன.

குழாயடியில் பாட்டிலை நிரப்பினாள். பக்கத்துப் பூட்டிய வீட்டுக் கதவில் வாயை வைத்து, "தண்ணி வேணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பதில் இல்லை. அப்பாடா என்று திரும்பினாள்.

"வேணும்" என்றது உள்ளே ஒரு பெண் குரல்.