கைக்கு எட்டும் மணி

டெல்ஃபியா அக்காவின் பிக்கப் வண்டியில் ஏறியதும் முதலில் மூக்கில் ஏறியது சோப்பு வாசனைதான். காலை ஏழு மணிக்குள் எத்தனை முறை கழுவினாளோ, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் சிவந்து, விரல் மடிப்புகளில் வெடித்திருந்தன. கழுவும்போது விநாடி எண்ணினாயா என்று கேட்டேன். இருபது விநாடி போதும் என்கிறார்கள், நான் நாற்பது எண்ணினேன் என்றாள். அவள் எண்களைச் சொல்லி எண்ணுவதில்லை. எங்கள் முதியோர் இல்லத்தின் அறை வரிசைப்படி ஆட்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே கழுவுவாள். முதல் அறையில் தொடங்கி ஒன்பதாம் அறை கோவாச் தாத்தாவுக்கு வந்தால் இருபது விநாடி. அதற்கு மேல் போனால் அன்றைக்கு அவளுக்குப் பயம் அதிகம் என்று அர்த்தம்.

பயப்படக் காரணம் இருந்தது. அது மூன்றாவது தேர்வு. நான்காவது கிடையாது.

மாநிலத்தின் விதி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இல்லத்தில் பயிற்சி ஆளாகச் சேர்ந்த நாளிலிருந்து நூற்றிருபது நாளுக்குள் செவிலி உதவியாளர் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். வாங்காதவர் மறுநாளிலிருந்து நோயாளியைத் தொடக்கூடாது. கைரேகை கொடுத்து, போலீஸ் பதிவைப் பார்க்கவிட்டு, வகுப்பு முடித்து, எழுத்துத் தேர்வு எழுதி, கடைசியில் கையால் செய்து காட்டும் தேர்வு. சீட்டுக் குலுக்கலில் விழும் ஐந்து வேலைகள். மூன்று வாய்ப்பு. அன்றைக்கு டெல்ஃபியாவுக்கு நூற்றுப் பதினேழாவது நாள். எனக்கும் அன்றைக்கே தேர்வு.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் வகுப்பிலேயே வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் பெட்ரோல் பங்கில் சிகரெட் விற்றுக்கொண்டிருந்தவள். மற்ற நான்கு பேரும் அப்படித்தான். டெல்ஃபியாவோ சுரங்கத்தில் வேலை பார்த்துப் பக்கவாதத்தில் விழுந்த புருஷனை நான்கு வருஷம் வீட்டில் வைத்துப் பார்த்தவள். ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டரே வந்து முதுகைப் பார்த்துவிட்டுப் போனாராம். பாடம் நடத்திய ரெஜினா ஆஷ்கூட இரண்டாம் நாளே அவளைப் பார்த்து, "நீ இங்க வந்து உக்காரு தாயே, நான் அங்க உக்காந்துக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்படிப்பட்டவள் இரண்டு முறை தோற்றாள். இரண்டு முறையும் ஒரே இடத்தில். எந்த வேலை செய்தாலும் முடிவில் அழைப்பு மணியை நோயாளியின் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் விலக வேண்டும். ஒரு பொத்தான், ஒரு வெள்ளை ஒயர், அவ்வளவுதான். அவள் வைக்கவில்லை. மறதி என்று எல்லோரும் நினைத்தோம். ரெஜினா அவள் மணிக்கட்டில் பேனாவால் மணி படம்கூடப் போட்டு அனுப்பினார். அதையும் கழுவிவிட்டுத்தான் தேர்வுக்குப் போக வேண்டியிருந்தது.

மலைப்பாதையில் முன்னால் ஒரு மரலாரி நத்தையாக ஊர்ந்தது. முந்த வழியில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. இன்றைக்காவது அந்தப் பாழாய்ப்போன மணியை வைத்துத் தொலை, இல்லாவிட்டால் கோவாச் தாத்தா உன்னைத் தவிர வேறு ஆள் ஊட்டினால் துப்புவார், அதை நான்தான் துடைக்க வேண்டும் என்றேன். கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லாம இல்லடி மிஸ்டி," என்றாள். "ரெண்டு தடவையும் கையில எடுத்தேன். எடுத்துட்டுக் கீழ வெச்சேன்."

ஏன் என்று கேட்டேன். லாரியின் பின்விளக்கைப் பார்த்தபடியே சொன்னாள். புருஷன் எல்பர்ட் பக்கவாதத்தில் விழுந்த முதல் மாதம் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பித்தளை மணியைக் கொண்டுவந்து கொடுத்தாளாம். கட்டில் பக்கத்தில் வை, கூப்பிட அவருக்கு வாய் வராதே என்று. டெல்ஃபியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மணி அடித்துக் கூப்பிடுகிற தூரத்துக்கு நான் போகப்போவதில்லை என்று சொல்லி அலமாரிமேல் வைத்துவிட்டாள். நான்கு வருஷம் சொன்னபடியே இருந்தாள். அதே அறையில் சாப்பாடு, அதே அறையில் தூக்கம். ஓர் அக்டோபர் காலை, நல்ல வெயில், கொடியில் இரண்டு படுக்கை விரிப்பைக் காயப்போட்டுவிட்டு வரலாம் என்று போனாள். பன்னிரண்டு நிமிஷம்.

"வந்து பார்த்தா, கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல கிடந்தார். நல்லா இருந்த கை அந்த இடது கைதானே, அது சன்னல் பக்கம் நீண்டிருந்துச்சு. நான் துணி மாட்டறதப் பார்த்துக்கிட்டே கிடந்திருக்கார்."

டாக்டர், இது இரண்டாவது பக்கவாதம், நீ பக்கத்தில் இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றாராம். டாக்டர் சொன்னதை அவளும் நம்பினாள். நம்பியும் ஒன்றும் ஆகவில்லை.

"மணியை ஒருத்தர் கையில வெச்சா என்ன அர்த்தம்? நான் இப்ப போகப்போறேன்னு அர்த்தம். அத சொல்ல எனக்குக் கை வரல."

லாரி ஒதுங்கி வழி விட்டது. முந்திப் போனோம்.

தேர்வு நடந்தது பக்கத்து ஊர்க் கல்லூரியின் ஒரு வகுப்பறையில். கரும்பலகைக்கு முன்னால் இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. நோயாளியாகப் படுப்பதும் தேர்வு எழுத வந்த ஆள்தான். நீ எனக்கு, நான் உனக்கு. பெயர் அழைக்கிற வரிசையில் டெல்ஃபியாவுக்கு நோயாளியாக என் பெயர் வந்தது. தேர்வாளர் ஒரு வெள்ளைமுடி அம்மாள், கையில் அட்டை, கழுத்தில் நிறுத்துக் கடிகாரம். விதியைப் படித்தார். நோயாளி எந்த விதத்திலும் உதவக்கூடாது. சைகை காட்டினால் இருவர் தேர்வும் ரத்து. எனக்கு வலது பக்கம் பலமில்லாத மாதிரி படுக்க வேண்டும், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி சொன்னார்.

வலது பக்கம். நான் டெல்ஃபியாவைப் பார்க்கவில்லை.

கை கழுவினாள். உதடுகள் அசைவது தெரிந்தது. ஒன்பதாம் அறையைத் தாண்டிப் பதினான்குவரை போனாள். பல்செட்டைச் சுத்தம் செய்தாள், நாடி பார்த்து எழுதினாள், என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். கடைசிச் சீட்டு, சட்டை மாற்றுவது. பலமில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் அந்தக் கையைத் தூக்கிச் சட்டைக்குள் திணிப்போம். அவள் சட்டையைத் தன் வயிற்றோடு அணைத்துச் சூடாக்கினாள். அதற்கு அட்டையில் மதிப்பெண் கிடையாது. பிறகு சட்டைக் கையின் முனைவழியாகத் தன் கையை உள்ளே விட்டு, என் உள்ளங்கையைப் பிடித்து, கூட்டத்தில் குழந்தையைக் கூட்டிவருகிற மாதிரி மெல்ல வெளியே கொண்டுவந்தாள். நன்றாக இருக்கிற என் வலது கை உண்மையிலேயே செத்துத் தொங்கியது.

பொத்தான் போட்டாள். தலையணையைச் சரிசெய்தாள். கட்டிலைத் தாழ்த்தினாள். பிறகு கட்டில் கம்பியில் தொங்கிய மணியை எடுத்தாள்.

நின்றாள்.

ஒயரின் மறுமுனை எதிலும் செருகப்படாமல் கட்டிலுக்குக் கீழே ஆடியது. வகுப்பறைதானே, எங்கே போய்ச் செருகுவார்கள். அவள் அந்த முனையைப் பார்த்தாள். தேர்வாளரின் பேனா தாளுக்கு மேலே காத்திருந்தது. கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியவில்லை. வை அக்கா, வெச்சுடு அக்கா என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவள் விரல்கள் மணியைக் கீழே இறக்கத் தொடங்கின. மூன்றாவது முறையாக.

நான் செய்யக்கூடாததைச் செய்தேன். போர்வைமேல் கிடந்த என் இடது கையை மெதுவாகத் திருப்பி விரித்தேன். அவ்வளவுதான். நோயாளிக்குக் கையை அசைக்க உரிமை இல்லையா என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

விரித்த பிறகுதான் உறைத்தது. இடது கை. அதுவும் அவள் பக்கமாக நீண்டு.

அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியது. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கையை இழுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன், இழுக்கவும் முடியவில்லை. டெல்ஃபியா கட்டில் ஓரமாகக் குனிந்தாள். மணியை என் உள்ளங்கையில் வைத்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக, சுண்டுவிரலில் தொடங்கி, அதன்மேல் மடக்கினாள். கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்து, ஒருமுறை தானே அழுத்திக் காட்டினாள்.

"பக்கத்துலதான் இருப்பேன்," என்றாள். "துணியக் காயப்போட்டுட்டு வந்துடறேன். வேணும்னா கூப்பிடுங்க."

தேர்வாளர் அட்டையில் அப்படி ஒரு வரி இருக்க முடியாது. பேனா நின்றது. அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக டெல்ஃபியாவைப் பார்த்தார், பிறகு போர்வைமேல் இருந்த என் கையைப் பார்த்தார். டெல்ஃபியா நிமிர்ந்து, முடிந்தது என்று சொன்னாள். கட்டிலைவிட்டு மூன்றடி பின்னால் போனாள்.

என் தேர்வும் முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது தேர்வாளர் என் பக்கம் வந்தார். "உனக்கு இடது கை நல்லா வேலை செய்யுது போல," என்றார். நான் ஆமாம் என்றேன். "நல்லது," என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை அழைத்தார். மாலையில் முடிவு வந்தது. இருவருமே தேறியிருந்தோம். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிடும்போது, அந்தப் பித்தளை மணி இன்னும் அலமாரிமேல்தான் இருக்கிறது, தூசிகூடத் தட்டவில்லை என்றாள் டெல்ஃபியா.

திங்கட்கிழமை காலை எங்கள் இருவருக்கும் புது பேட்ஜ். இனி அவள் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது. ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு அறை. நான் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஒன்பதாம் அறைக் கதவு திறந்திருந்தது. கோவாச் தாத்தாவின் மோவாயில் ஒட்டியிருந்த ஓட்ஸ் கஞ்சியைத் துடைத்துவிட்டாள். அவர் இரண்டு வருஷமாக மணியை அழுத்தியதே இல்லை, கையில் வைத்தால் தூக்கி எறிவார். அவள் அதை அவர் கையில் வைத்து விரல்களை மடக்கினாள். காதருகே ஏதோ சொன்னாள். எறியவில்லை, மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து நர்ஸ் குரல் கொடுத்தார், பதினான்காம் அறைக்கு ஆள் வேண்டும் என்று. வந்துவிட்டேன் என்றாள் டெல்ஃபியா. வெளியே வந்தாள். கதவுக்கு மேலே, மணி அழுத்தினால் எரிகிற சின்ன விளக்கு அணைந்திருந்தது. அதைப் பார்த்தபடியே ஓரடி பின்னால் வைத்தாள். இன்னோரடி. திரும்பவில்லை. பத்து, பதினொன்று என்று அறைகள் அவளைக் கடந்து போயின. நான் வண்டியைச் சுவரோரமாக ஒதுக்கி வழி விட்டேன். ஒரு கையால் சுவர்க் கம்பியைத் தடவிக்கொண்டு, எரியாத அந்த விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், அவள் பின்பக்கமாகவே நடந்து போய்க்கொண்டிருந்தாள்.