எழும்ப முடியாத கழுகு

புத்தூர் மலையடிவாரத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கியிருக்கின்றன என்று ஊரே செல்போனும் கையுமாக ஓடியது. எத்தனையோ வருடமாகக் கண்ணில் படாத பறவை. முந்தின நாள் செத்துப்போன தன் பசுவைக் கோவர்த்தனன்தான் டிராக்டரில் கட்டி இழுத்துவந்து அங்கே போட்டிருந்தார்.

அவர் மட்டும் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டே ஓடினார்.

"யோவ், அறிவு கீதா ஒனக்கு? இன்னாத்துக்குத் தொரத்துற?" என்று பங்காளி ஒருவர் பின்னாலிருந்து கத்தினார்.

கோவர்த்தனன் நிற்கவில்லை. நின்றால் சொல்ல வேண்டும். பசு காலை ஊன்ற முடியாமல் கதறியபோது, தன் இடுப்பு வலிக்கு வாங்கிவைத்திருந்த டைக்ளோஃபெனாக் ஊசியை அதற்குப் போட்டவர் அவர்தான். மாட்டுக்கு அதைப் போடாதே, அந்த மாட்டைத் தின்னும் கழுகு சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும் என்று மாட்டு டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இந்த ஊரில் கழுகு எங்கே இருக்கிறது என்று கோவர்த்தனன்தான் அலட்சியமாக, புதைக்கக் குழிகூட வெட்டாமல் விட்டிருந்தார்.

சத்தத்தில் பறவைகள் எழும்பிப் பாறைக்குப் போயின. அப்பாடா என்று மூச்சு விட்டார். ஒன்று மட்டும் நாலடி தத்தி, சிறகை விரித்துப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அதன் கழுத்தடியில் இரைப்பை பந்துபோல் புடைத்திருந்தது.

மகள் தரணி மூச்சிரைக்க வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாரு நைனா, நம்ம மாட்ட வயிறு முட்டத் துன்னுட்டு எழும்ப முடியாம குந்திக்கினு கீது!"